லேபிள் வெட்டிய புத்தகம்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் மெர்ச்சன்டைசர். பனியன் தைப்பது என் வேலை இல்லை. சரக்கை வாங்கும் பையர் கொடுத்த லேபிள் அவர் சொன்ன இடத்தில், அவர் சொன்ன நிறத்தில், அவர் சொன்ன பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், உட்காரவில்லை என்றால் தையல் லைனுக்குப் போய்க் கத்துவதும்தான் என் வேலை. இரண்டாவதை நான் கூடுதல் ஈடுபாட்டோடு செய்கிறேன் என்று கம்பெனியில் சொல்வார்கள். லேபிள் கொஞ்சம் நகர்ந்தால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். அந்தப் பனியனை வாங்குகிற வெளிநாட்டுக்காரர் கழுத்தில் உறுத்துகிறது என்று முதல் வேலையாக அந்த லேபிளைத்தான் பிய்த்து எறிவார். அது வேறு விஷயம்.

இந்தக் கண்டிப்பான பெண்மணி ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒரு திருட்டு மந்திரவாதி என்பது கம்பெனியில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். சாம்பிள் செக்‌ஷனில் குழந்தைகள் பனியனுக்கு யானை, முயல், ராக்கெட் எல்லாம் வரைகிறவள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். என்னைவிட இளையவள், என்னைவிட அமைதியானவள். அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. காரணம் கடைசியில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் ரோல்பிளேயிங் விளையாடுவோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பூதம் வந்தால் அடிப்பதா ஓடுவதா என்று வாய்ச்சண்டை போட்டு, கடைசியில் பகடையை உருட்டுவோம். பகடை சொன்னதுதான் தீர்ப்பு. கதையை நடத்துவது எப்போதும் அவள்தான். என் வீட்டுக்காரர் விளையாடமாட்டார். டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"யாருங்க ஜெயிச்சது?"

இதில் ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது என்று நான் ஒவ்வொரு வாரமும் சொல்வேன். அவர் ஒவ்வொரு வாரமும் எங்களுக்காகப் பரிதாபப்படுவார்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் விளையாட்டு அது. ஆனால் அவள் நடத்திய கதை எங்கள் ஊரில்தான் நடக்கும். அவள் கட்டிய நகரத்தில் சாயத் தண்ணீர் கலந்து ஆறு தினமும் ஒரு நிறத்தில் ஓடும். அரண்மனையில் நாளைக்கு என்ன நிறம் உடுத்தப்போகிறார்கள் என்று கரையில் இருக்கிறவர்களுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி மாதிரி ஒரு ஊரில் டிராகன் ஒன்று தங்கத்துக்குப் பதிலாக வெண்ணெயைக் காத்துக்கொண்டிருக்கும், வெயில் காலத்தில் அதற்குப் படாத பாடு. இதையெல்லாம் படங்களோடும் வரைபடத்தோடும் அவள் ஒரு நோட்டில் வைத்திருந்தாள். இதைத் துணைப் புத்தகமாகப் போட்டால் மற்றவர்களும் இந்த நகரத்தில் விளையாடலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் ஆரம்பித்துவைத்தேன். கோயமுத்தூரில் வருடா வருடம் இந்த விளையாட்டுக்காரர்கள் கூடுகிற ஒரு நாள் உண்டு. அங்கே மேசை போட்டு வைக்கலாம்.

அவள் முதலில் பயந்தாள்.

"அவுங்க வெளையாட்டுல்லாக்கா? நம்ம புஸ்தகம் போட்டா கேஸு கீஸு போட்டுறமாட்டாவளா?"

அந்தக் கம்பெனியின் லைசென்ஸைப் படிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பையர் அனுப்புகிற லேபிள் விதிப் புத்தகங்களை வரி விடாமல் படித்துப் பழகியவளுக்கு இது ஒரு காப்பி குடிக்கிற நேரத்து வேலை. விஷயம் சுலபம்தான். அந்தக் கம்பெனி தன் விளையாட்டின் விதிகளை எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, கூட்டிக் குறைத்து, தங்கள் புத்தகத்தில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு நன்றிக்கடனாக அவர்கள் கொடுத்த ஒரு வாக்கியத்தை ஓர் எழுத்துகூட மாற்றாமல் பின்பக்கத்தில் அச்சிட வேண்டும். ஆனால் அவர்கள் பெயரும் லோகோவும் அவர்களுடைய டிரேட்மார்க், அட்டையில் வரக்கூடாது. அவர்களுக்கே உரிய சில மிருகங்களையும் தொடக்கூடாது. துணி ஊருக்குப் பொது, லேபிள் மட்டும் எங்களுடையது என்கிறார்கள், அவ்வளவுதான் என்று அவளுக்குச் சொன்னேன். உடனே புரிந்துவிட்டது.

தொடக்கூடாத மிருகங்களில் ஒன்று அவளுக்கு உயிர். அதைத் தூக்கியாக வேண்டும் என்றதும் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் அதற்குப் பதிலாகச் சொந்தமாக ஒன்றை வரைந்துகொண்டு வந்தாள். அதன் பெயர் ஆடிட்டர், கம்பெனியில் பாதுகாப்பு வசதியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க பையர் அனுப்புகிறவரின் பெயர். அது நடந்து வருகிற வழியெல்லாம் பூட்டிக்கிடந்த அவசரக் கதவுகள் தானாகத் திறந்துகொள்ளும், காலிக் குடிநீர்க் கேன்கள் நிரம்பும், எல்லார் முகத்திலும் மாஸ்க் முளைக்கும். அது போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கத்தியோ மந்திரமோ அதன்மேல் வேலை செய்யாது. இளநீர் கொடுத்து ஏசி அறையில் உட்காரவைப்பது ஒன்றுதான் வழி. நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது.

பின்பக்கத்தில் லைசென்ஸ் வாக்கியத்தைச் சின்ன எழுத்தில் போட்டோம், பனியனுக்குள் இருக்குமே துவைக்கும் குறிப்பு, அந்த மாதிரி. கீழே தனி வரியில் 'முறுக்கிப் பிழியாதீர்கள், நிழலில் உலர்த்தவும்' என்று அவள் சேர்த்தாள். லைசென்ஸை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். அதற்குத் தடை ஏதும் இல்லை.

அட்டை ரொம்ப எளிமை. நடுவில் நகரத்தின் படம், அதன்மேல் புத்தகத்தின் தலைப்பு, கீழே அவள் பெயர். அந்தப் பெயரைத்தான் பெரிதாகப் போட்டிருந்தாள், அவள் சுபாவத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக. ஏன் என்று கேட்டேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் தான் வரைந்த பனியனை போனில் அப்பாவுக்குக் காட்டுவாளாம். அவர் விரலால் பெரிதுபண்ணி, மேலே கீழே தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல உம் பேரு எங்கட்டி இருக்கு?" என்பாராம். இந்தத் தடவை இருக்கும்ப்பா என்று சொல்லிவைத்திருந்தாள். கூட்டம் முடிந்த மறுநாளே ரயிலேறி, கையில் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

அச்சடிக்க வெளியே போக வேண்டியதில்லை. என் வீட்டுக்காரருக்கு முதலிபாளையம் தொழிற்பேட்டையில் பிரஸ் இருக்கிறது. பனியனில் தொங்கவிடுகிற டேக் அடிப்பதுதான் தொழில். மிச்சம் கிடந்த நல்ல அட்டையில் கொஞ்சம் புத்தகம் அடித்துத் தருவதாக அவராகவே சொன்னார். அந்த வாரம் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன், எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஃபைலை அவருக்கு அனுப்பிவிட்டு, "இருக்கறபடியே அடிச்சுருங்க" என்று மட்டும் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த மனிதரிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் திரும்பியது எப்படி என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை மதியம் நானும் அவளும் பிரஸ்ஸுக்குப் போனோம். மறுநாள் கூட்டம். புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு துணி போட்டு மூடி வைத்திருந்தார். திறப்பு விழா மாதிரி துணியை உருவினார்.

அட்டையின் உச்சியில், நட்ட நடுவில், அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் லோகோ தங்க ஃபாயிலில் மின்னியது. டிரேட்மார்க் வட்டக் குறிகூட ஒரு மூலையில் பொடியாக இருந்தது. நான் எத்தனையோ லோகோ பார்த்திருக்கிறேன். அதைப்போலப் பிசிறில்லாத ஒன்றைப் பார்த்ததில்லை. அந்தக் கம்பெனியே பார்த்தாலும் அப்ரூவல் கொடுத்திருக்கும், கேஸும் போட்டிருக்கும்.

"என்னங்க இது?" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நீ லோகோவே இல்லாம அனுப்பிச்சிருந்தியல்ல? இன்ஸ்பெக்‌ஷன் மும்முரத்துல மறந்துட்டயாட்ட இருக்குதுன்னு நானே தேடி எடுத்துப் போட்டுட்டேன். அப்புடியே அடிச்சா ரிஜெக்ட் ஆயிப்போயிருக்கும். ஷேடு பாத்தயா? அசல்ல எப்புடியோ அப்புடி."

"போடக்கூடாதுன்னுதான் போடலை! லோகோ இல்லாம இருக்கறதுதாங்க இங்க ரூலே!"

"லோகோ இல்லாம ஒரு பையரா? என்ன புள்ள பேசற நீயி?"

இன்னும் நிறையக் கத்தியிருப்பேன். தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராகக்கூட இருந்தேன். அதற்குள் அவள் ஒரு புத்தகத்தை எடுத்தாள். முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.

"எம் பேரு எங்கக்கா?"

என் கோபம் அப்படியே நின்றுபோனது. அட்டையின் கீழே வெறும் படம்தான் இருந்தது.

வீட்டுக்காரருக்கு அப்போதும் புரியவில்லை. பெருமையோடுதான் சொன்னார்.

"அதுங்களா அம்மணி? சப்ளையர் பேரு வெளிய தெரியப்படாதல்லங்க. அதைய எடுத்துட்டனுங்க."

அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவர் வாழ்நாள் முழுக்க அடித்த டேக் எதிலும் தைத்தவர் பெயரோ வரைந்தவர் பெயரோ இருந்ததில்லை. ஒரு தடவை தவறிப்போய் எங்கள் கம்பெனி பெயர் டேக்கின் ஓரத்தில் வந்துவிட்டது என்று மொத்தத்தையும் கிழிக்கவைத்தவளே நான்தான். கற்றுக்கொடுத்த பாடத்தை அவர் திருப்பி ஒப்பித்திருக்கிறார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இங்கன வந்ததுலேந்து நான் வரைஞ்சதெல்லாம் யாரு பேருலயோதான் கப்பலேறுது. இதுவும் அப்பிடித்தான் போவுது, போவட்டும்" என்றாள். அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கியது.

மறுபடி அடிக்கலாம் என்றால் அந்த அட்டை தீர்ந்துவிட்டது, மெஷினில் வேறொருவரின் அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. லோகோவின் மேலே அவள் பெயரை ஸ்டிக்கராக ஒட்டலாமா என்றேன். ஃபாயில்மேல் ஸ்டிக்கர் நிற்காது என்றார் அவர். அவளோ, "அவுங்க பேருக்கு மேல எம் பேர ஒட்டணுமா? வேண்டாங்க்கா" என்றுவிட்டாள். அப்புறம் திருப்பூர்க்காரர்களுக்கு எது முதலில் தோன்றியிருக்க வேண்டுமோ அது தோன்றியது. நானும் அவரும் ஒன்றாகவே சொன்னோம்.

"வெட்டிரலாம்."

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஏற்றுமதிக்குத் தைத்ததில் மிஞ்சிப்போவதை உள்ளூர்ச் சந்தையில் விற்கும்போது, பையரின் பெயர் தெரியக்கூடாது என்று லேபிளைக் கத்தரித்துவிடுவோம். பாதி வெட்டுப்பட்ட லேபிளோடுதான் அந்தப் பனியன் கடைக்கு வரும். என் வீட்டுக்காரரிடம் டேக்குக்குத் துளை போடுகிற பஞ்சிங் மெஷின் இருந்தது. லோகோவின் அளவுக்கு டை என்கிற வெட்டச்சு ஒன்றைத் தயார்பண்ணி, ஒவ்வொரு அட்டையாக வைத்து அமுக்கினார். லோகோ சுத்தமாகக் கழன்று விழ, அட்டையின் உச்சியில் ஒரு நீளச் சதுரச் சன்னல். அதற்குள் அடுத்த பக்கத்தின் வெள்ளைத் தாள் தெரிந்தது. தங்க லோகோக்கள் காலடியில் குப்பையாகக் குவிந்தன. எனக்கு உள்ளுக்குள் ஓர் அற்பச் சந்தோஷம். இத்தனை வருடம் லோகோவுக்குப் பயந்தவள், அன்றைக்கு அதை மிதித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து, இப்படி மிஞ்சிய சரக்கை விற்கிற, பழக்கமான சர்ப்ளஸ் வியாபாரி ஒருவர் தன் டேக்கை வாங்க வந்தார். புத்தகத்தை எடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவேயில்லை. வெட்டின விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"ஏனுங்க, இது எந்த பிராண்டுங்க? பெரிய கம்பெனி சரக்காட்ட இருக்குதுங்க?"

"புத்தகமுங்க" என்றேன்.

"அது தெரியுதுங்க. ஒரிஜினல்தானுங்களே? வெட்டப் பாத்தாலே தெரியுதுங்க."

எங்கள் சந்தையில் லேபிள் இருப்பதைவிட லேபிள் வெட்டியிருப்பதற்குத்தான் மதிப்பு. லேபிளை யார் வேண்டுமானாலும் போலியாகத் தைத்துவிடலாம், வெட்ட வேண்டிய அளவுக்குப் பெரிய பெயர் இருந்ததென்றால் அது நிஜச் சரக்கு என்பது கணக்கு. இதைத் தெரிந்துகொண்டு, உள்ளூர்ப் பனியனில் ஏதோ ஒரு லேபிளைத் தைத்து, அதைத் தானே வெட்டி விற்கிற கலைஞர்களும் உண்டு. வியாபாரி ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார். அது விளையாட்டுப் புத்தகம் என்பதை எப்போது கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சில் காலைப் பூசை முடித்து வந்ததும் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினோம். குற்ற உணர்ச்சியால் என் வீட்டுக்காரரும் புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு வந்தார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வகையில் பயணம் இனிமையாகவே இருந்தது.

கூட்டத்தை நடத்துகிறவர் ஒரு சாஃப்ட்வேர்காரர். இளைஞர், மரியாதையானவர், லைசென்ஸ் விஷயத்தில் என்னைவிட மோசம். மேசையில் வைக்கிற ஒவ்வொரு புத்தகத்தையும் அவர் பார்த்தாக வேண்டும். பின்பக்க வாக்கியத்தைக் கைபேசியில் அசலோடு ஒப்பிட்டார். தொடக்கூடாத மிருகங்கள் இல்லையா என்று புரட்டினார், ஆடிட்டரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். நிழலில் உலர்த்தும் குறிப்புக்கு ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் அட்டைச் சன்னலுக்குள் விரலை விட்டார்.

"இங்க என்ன இருந்துச்சுங்க்கா?"

"ஒண்ணும் இல்லீங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்து மேசையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த கும்பலுக்கு என் வீட்டுக்காரர் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார். எந்தக் கம்பெனி, என்ன லோகோ, என்ன ஃபாயில், எப்படி ஷேடு பிடித்தார், எல்லாம். வழியெல்லாம் மௌனமாக இருந்த மனிதர் இதற்காகத்தான் சேர்த்துவைத்திருந்தார் போலிருக்கிறது.

சாஃப்ட்வேர்காரர் புத்தகத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க்கா. லோகோ இருந்திருந்தாக்கூட சில பேரு கவனிச்சிருக்க மாட்டாங்க. இப்ப இந்த ஓட்டையப் பாத்து எல்லாருமே கேக்கறாங்க, எல்லாருக்கும் அந்தக் கம்பெனி பேருதான் பதிலா வருது. இதைய மேசை மேல வெக்க முடியாதுங்க்கா."

நான் வாதாடினேன். அட்டையில் இல்லாத ஒன்றைப் பற்றி லைசென்ஸில் விதி எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். தையல் லைனில் கத்துகிற குரல் பாதி வெளியே வந்துவிட்டது. அவர் மரியாதை குறையாமல், "சரிங்க்கா, சரிங்க்கா" என்று சொல்லிக்கொண்டே புத்தகக் கட்டை என் பக்கம் நகர்த்தினார். அவர் சொல்வது சரி என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் அவ்வளவு கத்தினேன். மறுநாள் காலை அவளுக்கு ரயில். அவள் அப்பா பார்க்கப்போவது ஓர் ஓட்டையை.

அப்போது அவள் பையைத் திறந்தாள். சாம்பிள் துணியில் அளவு குறிக்கிற கறுப்பு மார்க்கரை எடுத்தாள். ஒரு புத்தகத்தை மூடியபடியே மேசைமேல் வைத்து, அட்டைச் சன்னல் வழியாக உள்ளே இருந்த வெள்ளைத் தாளில் தன் பெயரை எழுதினாள். சன்னலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கொஞ்சமும் இடம் மிச்சம் வைக்காமல் எழுதினாள்.

புத்தகத்தைச் சாஃப்ட்வேர்காரரிடம் நீட்டினாள்.

"இப்பக் கேளுங்க, யாரு பேருன்னு."

அவர் பெயரைப் படித்தார். "இது யாருங்க?" என்றார்.

"நாந்தான்."

அவர் புத்தகக் கட்டை மறுபடி மேசை நடுவுக்கு நகர்த்திவைத்தார். நான் குனிந்து கட்டின் கயிற்றை அவிழ்த்தேன். பேசியிருந்தால் அழுகை வந்திருக்கும், அத்தனை பேர் முன்னால் அது என் தொழிலுக்கு நல்லதில்லை.

என் வீட்டுக்காரர் அடுத்த புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் பிடித்தார். அதற்கடுத்ததையும் பிடித்தார். ஒன்றில் பெயர் லேசாகச் சாய்ந்தபோது பொறுக்க முடியாமல், "சித்தெ நேரா வரோணுமுங்க அம்மணி. மேல ஒரு நூலு எடம் விட்டு எழுதுங்க" என்றார். அவள் நிமிர்ந்து முறைத்தாள். உடனே தணிந்து, "நீங்க அப்ரூவல் குடுத்தாச் சரிதானுங்க" என்றார். இருபது வருடத்தில் அவர் வாயால் வரைகிறவரிடம் அப்ரூவல் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, சாய்ந்ததையே அப்ரூவ் செய்தாள்.

அன்றைக்கு எங்கள் மேசையில் கூட்டம் குறையவில்லை. ஓட்டையைப் பார்த்து வந்தவர்கள் பெயரைப் படித்துவிட்டு அவளிடம் பேசினார்கள். ஆடிட்டரை எப்படி வெல்வது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார், "கடைசில யாரு ஜெயிச்சது?" இந்தத் தடவை ஜெயிப்பது என்று ஒன்று இருந்தது. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தவளைக் கையால் காட்டினேன்.

ஊரிலிருந்து அவள் போன் செய்தாள். அப்பா அட்டையைப் பார்த்து, சன்னலுக்குள் விரலை விட்டுப் பெயரைத் தடவினாராம். ரொம்ப நேரம் தடவிவிட்டு, "பேரு சரி. இது எந்தக் கம்பெனிட்டி?" என்று கேட்டாராம். "என்ன சொன்ன கண்ணு?" என்றேன். "எங் கம்பெனின்னேன். பெறவு அவரு ஒண்ணும் கேக்கல" என்றாள்.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று சொல்லி, அவள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுத் தன் லைசென்ஸைச் சொன்னாள்.

"கதைய எடுத்துக்கிடுங்க. கூட்டிக் கொறச்சு, மாத்தி, எப்பிடி வேணும்னாலும் எழுதிக்கிடுங்க. பேரு மட்டும் எம் புஸ்தகத்துக்கு. ஒங்க எழுத்துல வரக்கூடாது."

கூட்டியும் குறைத்தும்தான் எழுதியிருக்கிறேன், அதற்கு அனுமதி இருக்கிறது. அவள் பெயர் வர வேண்டிய இடங்களையெல்லாம் சுத்தமாக வெட்டிவிட்டேன், அவளுக்குத் துணையாக மற்றவர்கள் பெயரையும் சேர்த்து. வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு குறையாகத் தோன்றலாம். எங்கள் ஊர்க்காரர்கள் வெட்டின விளிம்பை ஒரு தடவை தடவிப் பார்ப்பார்கள், சரக்கு ஒரிஜினல் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.